இரண்டு பிறந்தநாளும் உங்களுடையவைதான்

அக்கா,

இன்றைக்கு என் வீட்டுக்குப் பக்கத்து மரக்கறிக் கடையில் சீனக் கோவா வந்து இறங்கியிருந்தது. ஒன்றைத் தூக்கி வெளி இலையைக் கிள்ளினேன். அந்தப் பச்சை மணம் மூக்கில் ஏறியதும், கிளென்ஃபீல்டில் நாங்கள் வேலை செய்த சாப்பாட்டுக் கடைச் சமையலறையில் நீங்கள் முழங்கை வரை ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு உங்கள் கொரிய ஊறுகாய்க்கு இலைக்கு இலை உப்புத் தூவுவது கண்ணுக்குள் வந்துவிட்டது. கடைக்காரி "வேற என்ன வேணும்?" என்று இரண்டு தரம் கேட்டாள். எனக்கு வாய் வராத நாளும் உண்டென்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பிழை இருக்கும். உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதது எனக்கு நல்ல வசதி.

நாங்கள் கதைத்தது உடைந்த ஆங்கிலம். உங்களிடம் கால்வாசி, என்னிடம் கால்வாசி. ஆனால் பகிடி பண்ண அது தாராளம். "அக்கா, பாலத்துக்கு அங்கால ஒரு ஊர் இருக்குது, ஒக்லண்ட் எண்டு சொல்லுவினம். ஒருக்கா வந்து பாருங்கோவன்" என்பேன். "முதல்ல உன்ர வாயை உப்பில ஊறப்போடோணும்" என்பீர்கள்.

விசா முடிந்து பன்னிரண்டு வருடம் நீங்கள் அந்தக் கடல் பாலத்தைத் தாண்டி நகருக்குள் போகவில்லை. சமையலறை, அதற்குப் பின்னால் உங்கள் கராஜ் அறை, சாமான் வாங்குகிற கடை, அவ்வளவுதான் உங்கள் நியூசிலாந்து. பொலிஸ் கார் தெரிந்தால் சப்பாத்து நாடாவைக் கட்டக் குனிவீர்கள். அந்தச் சப்பாத்தில் நாடாவே இல்லை என்று நான்தான் சொன்னேன். அன்று சிரித்த சிரிப்பில் இருவருக்கும் விக்கல் வந்தது.

உங்கள் தாத்தா கொரியாவிலிருந்து ஆற்றைக் கடந்து சீனாவுக்குப் போனவர். "சீனாவில நான் கொரியாக்காரி. கொரியாவுக்கு வேலைக்குப் போனா சீனாக்காரி. இஞ்ச ஒண்டுமே இல்லை" என்றீர்கள் ஒருநாள். சீனாவில் உங்கள் அம்மா இறந்தபோதும் நீங்கள் போகவில்லை. போனால் திரும்பி வரமுடியாது. விசா கிடைத்தால் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "அம்மாவின்ர புதைகுழியில புல்லு முளைச்சுக் கிடக்கும். வெட்டிப்போட்டு வருவன்" என்றீர்கள். பிள்ளைகள் வருடா வருடம் வெட்டவேண்டுமாம். வெட்டாத குழியைப் பார்த்து ஊர் சிரிக்குமாம்.

அதற்காகத்தான் உங்களைப் பாலத்துக்கு அங்கால இருக்கிற நியூ லின்னுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே காசு வாங்காமல் உதவுகிற ஒரு சட்டத்தரணிப் பிள்ளை இருந்தாள். பாலத்தில் பஸ் ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டீர்கள். "தண்ணி வடிவா இருக்கு, பாருங்கோ" என்றேன். திறக்கவில்லை. விசா இல்லாதவர்கள் விசா தரும்படி குடிவரவு அலுவலகத்தை விசேடமாகக் கேட்கலாம், அவர்கள் தரலாம், தராமலும் விடலாம், காரணம் சொல்லவேண்டியதில்லை என்று அந்தப் பிள்ளை விளக்கினாள்.

உங்களைக் கூட்டிவந்த ஏஜென்ட் உங்கள் பழைய கடவுச்சீட்டைப் பறித்துவிட்டான். புதியது வருமுன்பே விண்ணப்பம் போய்விட்டது. பிறகு வந்ததைப் பார்த்தால் வேறு பிறந்த திகதி. விண்ணப்பத்தில் நீங்கள் எழுதியது இங்கத்தைய நாட்காட்டி நாள். உங்கள் அப்பா அந்தக் காலத்தில் பதிந்ததோ பழைய சந்திரக் கணக்கு நாள்.

"எனக்கு ரெண்டு பிறந்தநாள் எண்டு அந்தப் பிள்ளைக்குச் சொல்லுவமே?" என்று என்னைத்தான் கேட்டீர்கள்.

"ஐயோ, சொல்லிப்போடாதேங்கோ! எழுதினது எழுதினதுதான். கடவுச்சீட்டு அடிச்சவன் பிழை விட்டிட்டான் எண்டு சொல்லுங்கோ" என்றேன்.

என் அகதி வழக்கில் ஒரே ஒரு திகதியை மாற்றிச் சொன்னதற்கு அரை நாள் குடைந்தெடுத்தார்கள். அந்தப் பயம் எனக்கு இன்னும் போகவில்லை. விளங்காமல் சொன்னேன் என்றாலாவது பரவாயில்லை. எனக்கும் நட்சத்திரத்துக்கு ஒரு பிறந்தநாள், கடவுச்சீட்டுக்கு ஒரு பிறந்தநாள். நீங்கள் சொன்னது இந்த ஊரில் என்னைவிட யாருக்கு விளங்கும்? நீங்களோ நான் சொன்னதை அப்படியே அந்தப் பிள்ளையிடம் சொன்னீர்கள். அவள் நம்பி எழுதி அனுப்பினாள்.

மறுமொழி வந்தது. இல்லை என்று இரண்டு வரி.

திரும்பவும் கேட்கலாம் என்றாள் பிள்ளை. அதற்குள் உங்களுக்கு வயிற்று நோ. ஆஸ்பத்திரிக்குப் போனால் பிடிப்பார்கள் என்று பயந்து, மிளகாய்த்தூளில் பழியைப் போட்டு மாதக்கணக்கில் மறைத்தீர்கள். நான் சண்டை பிடித்துக் கூட்டிப்போனபோது காலம் கடந்துவிட்டது. யாரும் பிடிக்கவில்லை.

அங்கே ஒவ்வொரு மாத்திரைக்கும் முன்னால் பெயரும் பிறந்த திகதியும் கேட்பார்கள். முதல் நாள் நேர்ஸ் கேட்டதும் நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். அந்தப் பார்வையை எப்படி எழுதுகிறது? கட்டிலில் கிடந்துகொண்டு, சொந்தப் பிறந்தநாளைச் சொல்ல என்னிடம் அனுமதி கேட்டீர்கள்.

"ரெண்டையும் சொல்லுங்கோ அக்கா" என்றேன்.

சொன்னீர்கள். நிலவைக் காட்டுவதுபோல் விரலை உயர்த்தி விளக்கமும் சொன்னீர்கள். நேர்ஸ் உங்கள் கையில் கட்டியிருந்த பெயர்ப்பட்டியைப் பார்த்தாள். "ரெண்டு பிறந்தநாளா? அப்ப ரெண்டு கேக்!" என்று சிரித்து மாத்திரையைத் தந்துவிட்டுப் போய்விட்டாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நீங்களும் சிரித்தீர்கள். நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

அந்த இரண்டு வரிக் கடிதம் என்னிடம் இருக்கிறது. ஆங்கிலம் தெரிந்தவர்களிடம் காட்டி, காரணம் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டேன். இல்லை என்கிறார்கள். என் பேச்சால்தான் விசா போனது என்று இருந்தால் அழுது தீர்த்திருப்பேன். அது இல்லை என்று இருந்தால் பழையபடி வாயடித்துக்கொண்டு திரிந்திருப்பேன். நீங்களாவது ஒருநாள் என்னை ஏசியிருக்கலாம். ஏசாமலே போய்விட்டீர்கள் அக்கா.