பின்விளக்கில் ஈரம் இல்லை

அன்பு மகன் பெரியவனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் சுகமாக இருக்கிறீர்களா? இங்கே நாங்கள் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், சண்டை போடுகிறோம், அந்த மட்டில் நலம். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனை எடுத்தாலே உன் அப்பா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, சத்தமாக வை, நானும் கேட்கிறேன் என்கிறார். இது அவர் காதில் விழக்கூடாத விஷயம், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

மழை பிடித்ததும் நம் காரின் இடதுபக்கப் பின்விளக்குக்குள் ஆவி படிந்தது. உன் அப்பாவைத்தான் தெரியுமே, எதையும் அரைகுறையாக விடமாட்டார். குளியலறைத் தொட்டிக்கு வாங்கிய பசை மிச்சம் இருந்தது, அதை எடுத்து விளக்கைச் சுற்றி அப்பினார், அடியில் ஒரு சின்ன ஓட்டை இருந்ததாம், தண்ணீர் புகுவதே இதில்தான் என்று அதையும் அடைத்தார். அடுத்த மழைக்கு உள்ளே ஒரு விரல்கடை தண்ணீர் நின்றது. இதுல மீன் விடலாமா தாத்தா என்று கேட்டாள் உன் தங்கை மகள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது, அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. மெக்கானிக்கிடம் போனோம். விளக்குக்குப் பின்னால் இருக்கும் ரப்பர் இற்றுப்போய்த் தண்ணீர் அந்த வழியாக வந்திருக்கிறது, வெளியே போகிற ஓட்டையை இவர் அடைத்துவிட்டார். அது மூச்சு விடற ஓட்டைங்க, அதைப் போயி அடைச்சிட்டீங்களே என்று மெக்கானிக்கும் சிரித்துவிட்டு, விளக்கைக் கழற்றிப் பசையைச் சுரண்டி, ஹேர் டிரையரால் உலர்த்தி, புது ரப்பர் போட்டுக் கொடுத்தார். விளக்கு பளிச்சென்று ஆகிவிட்டது, கதை அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலையில் பார்த்தால் மனுஷர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வலதுபக்க விளக்கைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். இதுலயும் ஏறிடுச்சு, பாரு, ரெண்டுமே மங்கலா இருக்கு என்றார். நானும் குனிந்து பார்த்தேன், ஒரு சொட்டு ஈரம் இல்லை. நீ என்னத்தைப் பார்த்தே என்று என்னையும் இழுத்துக்கொண்டு மறுபடி மெக்கானிக்கிடம் போனார். அவர் விளக்கைப் பார்த்தார், உன் அப்பாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்டு பல்பெல்லாம் மட்டமான சரக்கு என்று போன மாதம் உன் அப்பா ஒவ்வொன்றாக மாற்றியதும், பேப்பரில் மை குறைத்துவிட்டான் என்று திட்டியதும் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தன.

அதற்குப் பிறகு தினமும் பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விடக் கிளம்புமுன் என்னைக் காருக்குப் பின்னால் நிற்கச் சொல்லி, பிரேக்கை மிதித்து விளக்கைச் சோதிக்கிறார். எரிந்தால் நான் கையைத் தூக்கவேண்டும், அவர் கண்ணாடியில் பார்த்துக்கொள்வார். திங்கட்கிழமை கையைத் தூக்கினேன். எரியுதா இல்லையா என்றார். இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். ஏன்டி மரம் மாதிரி நிக்கிறே, வாயைத் திறந்து சொல்லேன் என்று கத்தினார். எரியுது என்றேன். பின்சீட்டில் குழந்தை பள்ளிக்கூடப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

கண் டாக்டரிடம் போகலாம் என்று வாயெடுத்தேன், விளக்கைச் சரிபண்ணத் துப்பில்லாதவனை விட்டுட்டு என் கண்ணைக் குறை சொல்றியா என்று அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. சாவியை ஒளித்துவைத்தேன். அவர் மேஜையைக் கையால் தடவித் தடவித் தேடினார். அந்தக் கோலத்தைப் பார்க்க முடியாமல் நானே எடுத்துக் கொடுத்துவிட்டேன். உன் தங்கைக்குக் காலை ஷிப்ட், அவளிடம் சொன்னால் குழந்தையை அனுப்பமாட்டாள், பேத்தியைக் கொண்டுவிடுவது ஒன்றுதான் மனுஷருக்கு மிச்சமிருக்கிற உத்தியோகம். சொன்னாலும் பாவம், சொல்லாமல் இருப்பது அதைவிடப் பெரிய பாவம். இப்போது நானும் முன்சீட்டில் ஏறிக்கொள்கிறேன். அதோ சைக்கிள் பாருங்க, அந்தம்மா புடவை நல்லா இருக்கு, ரோட்டைக் கடக்கிறா பாருங்க என்று வழி நெடுக வம்பளக்கிறேன். தொணதொணக்காம வரமாட்டியா என்கிறார். வாயை மூடினால் என்ன ஆகும் என்று எனக்கல்லவா தெரியும். இப்படி எத்தனை நாளைக்கு ஓட்டுவது? என்னால் முடியவில்லையப்பா. நான் சொன்னால் ஏறாது, நீ சொன்னால் ஏறும். இந்தக் கடிதம் கிடைத்ததும் லீவு போட்டு வந்துவிடு. உன்னை நம்பித்தான் தங்கையிடம் இன்னும் சொல்லாமல் இருக்கிறேன், முடியாது என்றால் உடனே சொல்லிவிடு, நானே அவளிடம் சொல்லிவிடுகிறேன்.

இதுவரைக்கும் எழுதியபோது அவரே வந்துவிட்டார். யாருக்கு, பெரியவனுக்கா, கொடு பார்க்கலாம் என்று தாளை வாங்கிக்கொண்டார். கிட்டே வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார், ஜன்னல் பக்கம் திரும்பி நின்று நிதானமாகப் பார்த்தார். எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கே, அவன் கார்லயும் விளக்குக்கு அடியில அந்த ஓட்டை இருக்கும், அடைச்சிடப் போறான், அதையும் சேர்த்து எழுது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

எழுதிவிட்டேன். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா