பாப்பா நீட்டிய கோடு

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் முதுகுவலி குறைந்ததா? மருந்தைப் பாதியில் நிறுத்திவிடாதே.

வீட்டில் ஒவ்வொருவரும் வாரம் ஒருமுறை ஏதாவது ஒன்றை அளந்து பிள்ளையிடம் சொல்ல வேண்டும் என்று டீச்சர் கேட்டாரே, நீ பூச்செடியை அளந்தாய். எனக்கு இங்கே என்ன இருக்கிறது? கிடங்கில் நான் மூட்டை அடுக்கும் இடத்துத் தூணில் ஒரு விரிசல். விளையாட்டாக அதை அளந்து போனில் சொன்னேன். முதல் வாரம் பத்து சென்டிமீட்டர், அடுத்து பதினைந்து, பிறகு இருபத்தைந்து.

சூப்பர்வைசரிடம் காட்டினேன். "பெயிண்ட் அடிச்சா சரியாயிடும், போய் வேலையப் பாரு" என்றார்.

பாப்பா அதை வரைபடமாகப் போட்டிருக்கிறாள். "டீச்சர் கோட்ட நீட்டிப் பாக்கச் சொன்னாங்கப்பா. நாலாவது வாரம் நாப்பது. அஞ்சாவதுக்குத் தாள்ல இடமே இல்ல!" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

இன்று நாலாவது வாரம். போனில் சொன்னால் அவள் காதில் விழும், அதனால்தான் எழுதுகிறேன். கேட்டால், அப்பா ஸ்கேலைத் தொலைத்துவிட்டார் என்று சொல். அவளுடைய குரலைப் பதிவு செய்து அனுப்பு, எதையாவது வாசிக்கட்டும்.

லாரி வந்துவிட்டது, கூப்பிடுகிறார்கள். டீச்சரிடம் மட்டும் சொல்லிவிடு: பாப்பா நீட்டிய கோடு ஒரு மில்லிமீட்டர்கூடத் தப்பவில்லை.

உன்னவன்