மூன்றாவது இருநூறு மீட்டர்

அன்புள்ள சின்னவளுக்கு,

வாட்ச் தாத்தா எழுதுகிறேன். நலமா என்று இம்முறை சம்பிரதாயத்துக்காகக் கேட்கவில்லை. பயிற்சி முகாமில் குளிர் அதிகம் என்று உன் அம்மா சொன்னாள். இருமல் நின்றதா? என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது.

எண்ணூறு மீட்டர் ஓடுகிறவர்களின் இப்போதைய நிலை பற்றித் தேர்வுக் குழு, நேரம் குறிப்பவன் என்ற முறையில் என்னிடம் அறிக்கை கேட்டிருந்தது. ஆறு பேரின் பந்தயங்களையும் வீடியோவில் போட்டு, இருநூறு இருநூறாகப் பிரித்து நேரம் குறித்தேன். மொத்த நேரத்தில் நீதான் முதல். ஆனால் கடைசி மூன்று பந்தயங்களிலும் மூன்றாவது இருநூற்றில் சட்டென்று தளர்கிறாய்; பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் பாய்கிறாய். களைத்தவளால் அப்படிப் பாய முடியாது. நான்தான் வாட்சைத் தவறாக அழுத்துகிறேனோ என்று ஒன்பது முறை பார்த்தேன். ஒரு முறைகூடத் திரையில் ஓடியது நீயாகத் தெரியவில்லை.

உன் அக்காவும் இப்படித்தான் ஓடினாள். அவள் விழுவதற்கு ஒரு மாதம் முன்பே அதைக் கவனித்தேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவளிடம் கேட்டதற்கு, "உங்க வாட்சுக்குத்தான் வயசாயிடுச்சு தாத்தா, எனக்கில்ல" என்று சிரித்தாள். பயிற்சியாளரோ, "ஜெயிச்சாளா இல்லையா? அத மட்டும் எழுதுங்க சார்" என்றார். நான் மருத்துவன் அல்ல. தவறாகச் சொல்லி ஒரு பெண்ணின் வாய்ப்பைக் கெடுத்துவிடுவேனோ என்று பயந்தேன். 'நல்ல நிலை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இதயம் நின்றுதான் போனாள் என்று பிறகு சொன்னார்கள். "நல்லாத்தானே இருந்தா, ஐயா?" என்று உன் அம்மா என்னிடம் கேட்டாள். தலையாட்டினேன். ஐந்து வருடமாக அவளைப் பார்க்கும்போதெல்லாம் தலையாட்டிக்கொண்டிருக்கிறேன்.

இன்று காலை அறிக்கையை அனுப்பிவிட்டேன். இதய மருத்துவர் பார்த்து எழுதித் தரும்வரை உன்னை ஓட விடக்கூடாது என்று எழுதியிருக்கிறேன். அணியில் உன் இடம் போய்விடும். அதற்காக நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். நான் சொல்வது தவறாகவும் இருக்கலாம். தவறாகவே இருக்கட்டும்.

ஆனால் குழு கூடுவது அடுத்த வாரம். உனக்கு ஞாயிற்றுக்கிழமையே பந்தயம். முகாமுக்குப் போன் செய்தால், "பந்தயம் முடியட்டும் சார்" என்று பயிற்சியாளர் வைத்துவிடுகிறார். அதனால்தான் இதை உன் அம்மாவிடமே கொடுத்தனுப்புகிறேன். பந்தயத்துக்கு முன் உன்னிடம் சேர்த்துவிடச் சொன்னேன். உறைக்குள் என்ன இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீயே அவளுக்குப் படித்துக் காட்டிவிடு.

ஓடாதேம்மா. என்னைத் திட்டு. நூறு வயதுவரை இருந்து திட்டிக்கொண்டே இரு.

உன் ஆயுளுக்கு வேண்டிக்கொண்டு,
வாட்ச் தாத்தா