வெள்ளிக்கு வெள்ளி எத்தனை நாள்

தை 24, வெள்ளி

பனி. பல் கிட்டியது. ஸ்கூட்டி நாலு உதைக்குப் பிறகுதான் கிளம்பியது. ஆறு மணிக்கு முட்டைகளை மெஷினில் ஏற்றி, கதவைச் சாத்தி, பட்டனை அழுத்தினேன். என் கையால். முதல் தடவை.

பதினான்கு வருடம் இந்த ஹேச்சரியில் தட்டு கழுவினேன், பொரிந்த குஞ்சை எண்ணிப் பெட்டியில் போட்டேன். மெஷின் ரூமுக்குள் போக வேண்டுமென்றால் கையில் துடைப்பம் இருக்க வேண்டும். மெஷின் பார்த்த பழனிசாமி அண்ணன், தன் மகன் வீட்டோடு இருக்கப் பெங்களூர் போய்விட்டார். முதலாளி ஒரு வாரம் யோசித்துவிட்டு நேற்றுக் கூப்பிட்டார்.

"கமலா, இந்த ஒரு பேட்ச் நீயே பாரு அம்மிணி. நல்லபடியா பொரிச்சு, சொன்ன நாளைக்குக் குஞ்சு போய்ச் சேந்துச்சுன்னா ரூம் சாவி உன்ற கையில. இல்லாட்டி ஈரோட்டுல ஒரு ஆளு வாரேங்கறான்."

"சரிங்கண்ணா."

முட்டை ஐந்நூறு, நாட்டுக்கோழி. ஒவ்வொன்றாகப் பொறுக்கியது நான். நாள்பட்ட முட்டை ஒன்றுகூடக் கிடையாது.

குஞ்சு கேட்டிருப்பவர் மல்லசமுத்திரம் பாப்பாத்தி அக்கா. முதல் தடவையாகக் கோழி வளர்க்கப் போகிறார். மத்தியானம் போனில் வந்தார்.

"ஏனுங்க, மாசி பதினஞ்சு, பதினாறு, பதினேழு மூணும் கரிநாளுங்க. அதுக்கு முன்னால குஞ்சு ஊட்டுக்கு வந்தரோணும். ஆவுங்களா?"

இருவரும் போனிலேயே விரல் மடக்கினோம். தை இந்த வருடம் முப்பது நாள். இன்று ஒன்று, நாளை இரண்டு என்று போனால் குஞ்சு பொரிகிற இருபத்தொன்றாம் நாள் மாசி 14-இல் விழுகிறது. வியாழன். "பதினாலாந்தேதி குடுத்தர்றனுங்க. இது எம்பேச்சு" என்றேன். கொஞ்சம் கெத்தாகத்தான் சொன்னேன்.

தை 27, திங்கள்

முகூர்த்த நாள். நாமகிரிப்பேட்டை பஸ்ஸில் நிற்க இடமில்லை, மல்லிகைப்பூவும் பவுடரும் சேர்ந்த வாசனை. ஸ்கூட்டிக்கு பிளக் மாற்ற வேண்டும்.

இந்த டைரி தீவனக் கம்பெனி ஓசியில் கொடுத்தது. பக்கத்துக்குப் பக்கம் தலையில் அச்சடித்திருக்கிறார்கள்: நல்ல நேரம், ராகு காலம், மேல்நோக்கு நாள், கீழ்நோக்கு நாள், சமநோக்கு நாள். கிணறு வெட்ட ஒன்று, மரம் நட ஒன்று. மெஷின் பார்க்கிறவளுக்கு என்று ஒன்றும் போடவில்லை. நானே எழுதிக்கொள்கிறேன்.

தண்ணீர் வருகிற நாள். (நான்கு நாளைக்கு ஒருமுறை. சிலசமயம் ஆறு.)
கரண்ட் நிறுத்துகிற நாள்.
தீவன வண்டி நாள்.
வீட்டுக்காரர் வருகிற நாள். இதை மட்டும் எந்தப் பஞ்சாங்கமும் சொல்லாது. லாரியில் நாக்பூர் பக்கம் நிற்கிறார். "நாலு நாள்ல வாரேன்" என்பார். அவருடைய நாலு நாள் என்றால் குறைந்தது ஏழு.
மாதத்தில் அந்த மூன்று நாள். அந்த நாட்களில் மெஷின் ரூம் பக்கம் வரக்கூடாது என்று பழனிசாமி அண்ணன் சொல்வார். இன்று அந்த மூன்றில் இரண்டாவது. உள்ளே போய் வெப்பம் பார்த்து, தண்ணீர் பார்த்து, முட்டையும் திருப்பினேன். மெஷின் ஒன்றும் சொல்லவில்லை.

மாசி 1, வெள்ளி

காலையில் குளிர், பத்து மணிக்கே சுள்ளென்று வெயில்.

முட்டைக்கு லைட் அடித்துப் பார்த்தேன். இருட்டு அறையில் முட்டைக்குப் பின்னால் விளக்கு. உள்ளே சிவப்பு நரம்பு, நடுவில் ஒரு புள்ளி, புள்ளி துடிக்கிறது. வருடக்கணக்காகப் பழனிசாமி அண்ணனின் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்ததுதான். இன்று நானே முன்னால். அழுகை வந்துவிட்டது, எழுதுவதில் வெட்கமில்லை.

வெறும் முட்டை முப்பத்தொன்று. எடுத்துவிட்டேன். மற்றதெல்லாம் உயிர்.

மெஷினில் நாள் 7 என்று காட்டுகிறது. என் விரல் கணக்கில் எட்டு. மெஷின் கொஞ்சம் சோம்பேறி போல.

மாசி 7, வியாழன்

கரண்ட் நிறுத்துகிற நாள். ஒன்பதிலிருந்து ஐந்து வரை. ஜெனரேட்டர் பதினொன்றரைக்கு இருமியது. டீசல் வடிகட்டியைக் கழற்றி ஊதி மாட்டினேன். ஆறு நிமிடம். வெப்பம் அரைப் புள்ளிகூட இறங்கவில்லை. கைநிறைய டீசல் நாற்றம், சோறு இறங்கவில்லை. ஆனால் நாள் முழுக்க ஒரு மிதப்பு.

மாலை வீட்டுக்காரர் போன்: "ஏனுங்க முதலாளியம்மா, சௌக்கியமுங்களா?"

"நக்கலு போதும். எப்ப வாரீங்க?"

"நாலு நாள்ல."

மாசி 12, செவ்வாய்

மெஷின் கணக்கில் இன்று பதினெட்டாம் நாள், என் கணக்கில் பத்தொன்பது. முட்டையைப் பெரிய மெஷினிலிருந்து எடுத்து, குஞ்சு வெளிவருகிற சின்ன மெஷினுக்கு மாற்றும் நாள். தட்டு தட்டாக மாற்றினேன். ஒன்றுகூட விரிசலில்லை. மெஷினில் நாள் 18 என்று இருந்தது. இன்னும் மூன்று நாள் என்று சுவர் காலண்டரில் விரலை வைத்தேன். புதன், வியாழன், வெள்ளி.

வெள்ளி.

மறுபடி எண்ணினேன். வெள்ளி.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை வைத்த முட்டை, மூன்று வாரம் கழித்து வெள்ளிக்கிழமைதானே பொரியும்? இது மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். ஆனால் நம் வீடுகளில் வெள்ளிக்கு வெள்ளி எட்டு நாள். ஒரு வாரம் என்று யாராவது சொல்கிறோமா? "எட்டு நாள் போகட்டும்" என்றுதான் சொல்கிறோம். காரியமென்றாலும் செத்த நாள்தான் முதல் நாள். அந்தப் பழக்கத்தில் முட்டை வைத்த நாளையே ஒன்று என்று எண்ணிவிட்டேன். மெஷினுக்கு அது சைபர். ஒரு முழு நாள் உள்ளே ஓடிய பிறகுதான் அதற்கு ஒன்று.

மெஷின் சரியாகத்தான் எண்ணியிருக்கிறது. என் வாய்தான் தப்பாக எண்ணியது.

வெள்ளி மாசி 15. முதல் கரிநாள். கரிநாள் கழிய 18-ஆம் தேதி ஆகும். அதுவரை குஞ்சைப் பெட்டியில் வைத்திருக்க முடியாது.

யாரிடமும் சொல்லாமல் வந்துவிட்டேன். மெஷின் தாமதம் என்று சொன்னால் நம்புவார்கள். அந்த நினைப்பு வந்ததே அசிங்கமாக இருக்கிறது.

மாசி 13, புதன்

வழியெல்லாம் மஞ்சள் வேகிற வாசனை. ஏழு மணிக்கு முதலாளியிடம் சொல்லிவிட்டேன். மெஷின் மேல் பழி போடவில்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பழனிசாமியும் வந்த புதுசுல இப்பிடித்தான் எண்ணுனான். ஆனா அவன் வாயக் குடுக்கல. நீ பேச்சுக் குடுத்துட்ட. நீயே போயிச் சொல்லிப்போட்டு வா."

இரண்டு பஸ் மாறி மல்லசமுத்திரம். பாப்பாத்தி அக்கா வீட்டுக்குப் பின்னால் புது ஷெட். பச்சை வலை, சிமெண்ட் இன்னும் ஈரம். வாசலில் மாவிலைகூடக் கட்டியிருந்தார். நின்றபடியே சொல்லிவிட்டேன்.

"ஏனுங்க இப்பிடிப் பண்ணிப்போட்டீங்க?" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"தப்பு என்ற மேலதானுங்க."

"நான் நாளு நம்பறனோ இல்லையோ, அத வுடுங்க. நாலு குஞ்சு செத்தாக்கூட, கரிநாள்ல கொண்டாந்தா பாருன்னு என்ற ஊட்டுக்காரரு ஊரு பூராச் சொல்லுவாரு. அப்பறம் எந்த வேலையத் தொட்டாலும் இதையேதான் சொல்லுவாரு."

அவருக்கும் இது முதல் தடவை. எனக்குச் சாவி, அவருக்கு ஷெட். அது அப்போதுதான் உறைத்தது.

ஷெட்டுக்குள் போய்ப் பார்த்தேன். நெல் உமி மூட்டை கட்டியபடியே கிடந்தது. பல்பு தொங்கியது, போடவில்லை.

"பல்பு எப்பப் போடுவீங்க?"

"குஞ்சு வந்த பொறவுங்க."

"அய்யோ, ஆவாதுங்க. குஞ்சு வாரதுக்கு முந்தின நாளே உமி பரப்பி பல்பப் போட்டரோணும். தரை சூடேறி இருக்கோணும். இல்லாட்டி மொத ராத்திரியே குளுருல ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நசுங்கிப் போயிரும்."

சொல்லும்போதே எனக்குப் பொறி தட்டியது. முந்தின நாள் என்றால் நாளை. மாசி 14. வியாழன்.

"அக்கா, குஞ்சு எறக்கறது தொடக்கம் இல்லீங்க. பல்பு போடறதுதான் தொடக்கம். நாளைக்கு நல்ல நேரத்துல உங்க கையால போடுங்க. வெள்ளிக்கிழம குஞ்சு வாரது, எரியற அடுப்புக்கு அரிசி வார மாதிரிதான்."

அவர் என்னையும் பல்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தப்பிக்கறதுக்குச் சொல்றீங்களா, நெசமாவே மொறை அதுதானுங்களா?"

"ரெண்டுந்தானுங்க."

சிரித்துவிட்டார். மோர் கொடுத்தார். ஊட்டுக்காரரிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

மாசி 14, வியாழன்

பத்தேமுக்கால் நல்ல நேரம். பத்து ஐம்பதுக்குப் பாப்பாத்தி அக்கா போனில் படம் அனுப்பினார். உமி பரப்பியிருக்கிறது, பல்பு எரிகிறது, பக்கத்தில் உடைத்த தேங்காய். அப்பாடா.

பன்னிரண்டுக்கு அவர் வீட்டுக்காரரே பேசினார். "மெசினுக்குள்ள ஒண்ணு ரெண்டு பொரிச்சிருக்குமில்லீங்க? அத மட்டும் இன்னிக்கே குடுத்துப்போடுங்க. மனசுக்கு ஒரு திருப்தி."

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பொரித்துத்தான் இருந்தது. ஏழெட்டு ஈரக்குஞ்சு, மற்ற முட்டைகளில் மூக்கு குத்திய ஓட்டை. கதவைத் திறந்து இரண்டை எடுத்துக் கொடுத்தால் இன்றைக்கே நான் கொடுத்த பேச்சைக் காப்பாற்றியதாகவும் ஆகிவிடும். கை கதவுப்பிடி வரைக்கும் போனது.

திறந்தால் ஈரக்காற்று வெளியே போய்விடும். பாதி உடைத்தவை ஓட்டோடு ஒட்டிக்கொண்டு உள்ளேயே செத்துப்போகும்.

"முடியாதுங்க. நாளைக்கு ஏழு மணிக்கு முன்னால இந்தக் கதவ யாருக்கும் தெறக்க மாட்டேன்" என்றேன். முதலாளி பின்னால் நின்றுகொண்டிருந்தது தெரியாது. திரும்பி நடந்துவிட்டார். கோபமா என்று தெரியவில்லை. தெரியாவிட்டால் போகட்டும்.

மாசி 15, வெள்ளி

டைரியில் இன்று கரிநாள். அதற்குக் கீழேயே மேல்நோக்கு நாள் என்றும் போட்டிருக்கிறது. அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

ஏழு மணிக்குத் திறந்தேன். சத்தம். காது நிறையச் சத்தம். தட்டு தட்டாக மஞ்சள், கறுப்பு, பழுப்பு, புள்ளி போட்டது. எல்லாம் காய்ந்து பஞ்சாக. காலைப் பிடித்துத் தூக்கினால் உதைக்கிறது.

நானூற்று முப்பத்தாறு. மூன்று முறை எண்ணினேன். பழனிசாமி அண்ணன் கையிலும் நாட்டுக்கோழி இவ்வளவு வந்து நான் பார்த்ததில்லை. இதை நானே எழுதிக்கொள்ளக் கூடாதுதான். எழுதுவேன். நான் பொரிக்க வைத்தது. நான், தட்டு கழுவின கமலா.

ராகு காலம் பன்னிரண்டுக்கு முடிகிறது என்று பாப்பாத்தி அக்கா வண்டியைப் பன்னிரண்டேகாலுக்குத்தான் அனுப்பினார். கரிநாளை விட்டுக் கொடுத்தவர் ராகு காலத்தை விடவில்லை. அதுவும் சரிதான். பெட்டிகளோடு நானும் போனேன். ஒவ்வொரு குஞ்சின் மூக்கையும் தண்ணீரில் தொட்டு விட்டோம். உமியில் கை வைத்துப் பார்த்தேன். நல்ல சூடு.

அவர் வீட்டுக்காரர் வலைக்கு வெளியே கைகட்டி நின்றார். அரைமணி நேரத்துக்குப் பிறகு உள்ளே வந்து ஒன்றைக் கையில் எடுத்தார். பிறகு கீழே விடவே இல்லை.

மாசி 16, சனி

இரண்டாவது கரிநாள். தட்டுகளைக் கழுவினேன். பழைய கை, பழைய வேலை, கஷ்டமாக இல்லை.

முதலாளி பதினொரு மணிக்கு வந்தார். பதிவேட்டைப் பார்த்தார். மெஷின் ரூம் சாவியை என் மேசைமேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்தார். அவருடைய பேனாவைக் கேட்டார், கொடுத்தேன். சாவியைக் கேட்கவில்லை.

ஈரோட்டு ஆளுக்குப் போனில் "வேண்டாம் தம்பி, ஆளு இருக்குது" என்று சொன்னது ஜன்னல் வழியாகக் கேட்டது.

வீட்டுக்காரருக்குச் சொன்னேன். அவர், "நாலு நாள்ல வாரேன் கமலா. இந்தத் தடவ நெசமா நாலு."

மாசி 17, ஞாயிறு

வெயில். லீவு நாள், ஆனாலும் ஹேச்சரிக்குப் போய்க் கதவைப் பூட்டி, திறந்து, பூட்டிப் பார்த்தேன். சாவி இப்போது இடுப்பில்.

பாப்பாத்தி அக்கா போன். ஒன்றுகூடச் சாகவில்லை. ஊட்டுக்காரர் ஷெட்டில்தான் சாப்பிடுகிறாராம்.

"ஏனுங்க, ஏழாம் நாளு கண்ணுல சொட்டு மருந்து வுடோணும்னீங்களே. வெள்ளி ஒண்ணு, சனி ரெண்டு, இன்னிக்கு மூணு. அப்ப வார வியாழக்கெழமைங்களா?"

"வியாழன் இல்லீங்கக்கா" என்றேன். "வெள்ளி."