கையில் வைத்துப் புதைத்த காகிதம்

அன்பு மகள் ரெகினாவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் எழுந்து நடமாடும் அளவுக்கு இருக்கிறோம், பனி கரைந்தும் அம்மாவின் முழங்கால் வலி கரையவில்லை, செவலைப் பசு ஈன்றுவிட்டது, கிடாரிக் கன்று. நீயும் பேரன் மாரெக்கும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ குறுக்கே பாய்வாய், நான் கத்துவேன், உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு அழுவாள், அதனால்தான் கடிதம். முழுக்கப் படி, பாதியில் மடித்து வைக்காதே.

ஈஸ்டர் முடிந்த மறுநாள் நீ கேட்டது இன்னும் என் காதில் குடைந்துகொண்டே இருக்கிறது. தாத்தா குழிய ஒரு தடவ தொறந்து பாருங்கப்பா, கையில வச்ச ஒரு சீட்டுதானே, ஒரு மணி நேர வேலை என்றாய். ஏதோ உருளைக்கிழங்குக் குழியைத் திறப்பது போலச் சொன்னாய். உன் நிலைமை எனக்குப் புரியாமல் இல்லை. செப்டம்பரோடு உன் அனுமதி முடிகிறது, மாரெக் போலந்தில் மூன்றாம் வகுப்பு, பாட்டன் போலந்துக்காரன் என்று காகிதத்தில் காட்டினால்தான் உனக்கு அந்த நாட்டுக் குடியுரிமை, காட்டாவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டும். என் காகிதம் எதற்கும் ஆகாது என்றும் தெரியும். என் பிறப்புச் சான்றில் குமாஸ்தா சோம்பல்பட்டு அம்மா அப்பா இருவருக்கும் இனம் உக்ரைன் என்றே எழுதிவிட்டான். தாத்தா அதைத் திருத்தக் கேட்கவில்லை, விடு, பிள்ளைக்கு அதுதான் நல்லது என்றாராம். பதினாறு வயதில் உள்நாட்டு அடையாளப் பாஸ்போர்ட் எடுக்கப் போனபோது நானும் அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். டிராக்டர் பள்ளியில் இடம் வேண்டும், ஏன் வம்பு. வீட்டுக்கு வந்து காட்டினேன், தாத்தா கண்ணாடி போட்டுப் பார்த்தார், படம் நல்லா விழுந்திருக்குடா என்று மட்டும் சொன்னார்.

தாத்தாவின் பாஸ்போர்ட்டை அவர் செத்ததும் அலுவலகத்தில் வாங்கிக்கொண்டார்கள். அவர் பிறந்த ஊர்க் கோயிலும் அதன் ஏடுகளும் போரில் எரிந்தன. மிஞ்சியது அந்த ஞானஸ்நானச் சீட்டு ஒன்றுதான், அதை நானே அவர் கைகளுக்கு அடியில் வைத்து மூடினேன். ஏன் வைத்தீர்கள், கொஞ்சமாவது யோசித்தீர்களா என்று கேட்டாய். யோசிக்க என்ன இருக்கிறது? சாவதற்கு ஒரு வாரம் முன்னால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னார், அங்க மோட்ச வாசல்ல பேதுரு நிப்பாரு, பேரென்ன ஊரென்னன்னு கேப்பாரு, இருபது வருஷம் காகிதம் இல்லாம அடுத்த ஊருக்குக்கூட என்னை விடல, அங்க மட்டும் சும்மா விட்டுருவாங்களா, சீட்டக் கையில வச்சு அனுப்புடா என்று. நம் ஊரில் அந்தத் தலைமுறையில் எத்தனை பேர் இப்படிக் காகிதத்தோடு படுத்திருக்கிறார்கள் தெரியுமா? இருபத்திரண்டு வயதில் அவரை உக்ரைனிலிருந்து நாடுகடத்தி, சரக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டுவந்து இந்தப் புல்வெளியில் இறக்கினார்கள். நம் ஊருக்கு அன்று பெயர்கூட இல்லை, ஆறாம் எண் போட்ட ஒரு முளைக்குச்சிதான். போலந்துக்காரன் என்ற ஒரு சொல்லுக்காகத்தான் அவ்வளவும். இன்று அதே சொல்லை நிரூபி என்கிறார்கள்! நவம்பரில் உனக்காகப் பத்து மணி நேரம் பஸ்ஸில் போய்ப் போலந்துத் தூதரகத்தில் நின்றேன். அங்கே விசாரித்த பெண்ணுக்கு உன் வயதில் பாதிதான் இருக்கும், கிறிஸ்துமஸ் இரவுக்கு என்னென்ன சமைப்பீர்கள் என்று கேட்டாள். போலந்து வழக்கப்படி பன்னிரண்டு வகை வேண்டும், எங்களுக்கு உருளைக்கிழங்கே பன்னிரண்டு வகை என்றேன். சிரித்தாள். அய்யா, உங்க போலந்துப் பேச்சு ரொம்பப் பழசா இருக்கே, யார் கத்துக்குடுத்தாங்க என்றாள். எங்களுக்குக் காவல் இருந்த கமாண்டன்ட்தான்மா கத்துக்குடுத்தாரு, வெளிய விட்டாத்தானே புதுப் பேச்சு வரும் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. காகிதம் இருந்தால் வாருங்கள் என்றாள்.

இப்போது நான் உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மே மாதம் நீ மறுபடி கேட்டபோது மண் இன்னும் பனியில் இறுகிக்கிடக்கிறது என்றேனே, அது பொய். மண் இளகிவிட்டிருந்தது. அதற்கு முந்தின நாள்தான் மண்வெட்டியோடு போயிருந்தேன். பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள். அம்மாவிடம் சிலுவைக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். முழங்கால் ஆழம் வெட்டியிருப்பேன், பக்கத்து வீட்டுக் கைரோல்லா குதிரையைத் தேடிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தான். என்னைப் பார்த்தான், குழியைப் பார்த்தான். திட்டுவான் என்று நினைத்தேன். கிட்டே வந்து, டேய் விட்டோல்டு, தொறக்குறதுன்னா ரெண்டு ஆள் வேணும், ஒத்தையில பண்ற காரியமா இது, நான் எங்க துவா ஓதறேன், நீ உங்க ஜெபத்தச் சொல்லு, அப்புறம் தோண்டலாம் என்றான். அவன் கையேந்தி ஓதி முடித்தான். நான் ஆரம்பித்தேன். தாத்தா ஒவ்வொரு இரவும் சன்னலை மூடிவிட்டு முணுமுணுத்த அதே ஜெபம். நான்கு வரிக்கு மேல் வரவில்லை ரெகினா. எத்தனை முறை ஆரம்பித்தும் அதே இடத்தில் நின்றது. அறுபத்தேழு வயதுக் கிழவன் அப்பன் குழிக்குள் நின்றுகொண்டு திருதிருவென்று விழித்தேன். இதுகூடத் தெரியாதவன் எந்த முகத்தோடு அவர் கையிலிருந்து சீட்டைப் பிடுங்குவது? மண்ணைத் திரும்பத் தள்ளினேன். கைரோல்லாவும் கூடத் தள்ளினான்.

திரும்பி வரும் வழியில் அவன்தான் சொன்னான், உங்கப்பன் மாசாமாசம் கமாண்டன்ட் ஆபீஸ்ல போய்க் கையெழுத்துப் போட்ட புத்தகம் எங்கடா போச்சு, எங்கப்பன்தான அந்த ஆபீஸ்ல வண்டி ஓட்டுனான், கோயில் ஏடு எரியும்டா, அவங்க ஏடு எரியாது என்று. அவன் சொன்னதுதான் சரி. நகரத்துக் காவல்துறை ஆவணக் கிடங்குக்கு மனுப் போட்டேன், ஐந்து வாரத்தில் கூப்பிட்டார்கள். பழுப்பு அட்டைக் கோப்பு, பூச்சிகூட அரிக்கவில்லை. முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் இருக்கிறது, பெலிக்ஸ், பிறந்த ஊர் இன்னது, இனம் போலந்துக்காரன். கீழே தாத்தாவின் கையெழுத்து. நம்மைப் பெற்றவர்கள் காப்பாற்ற முடியாததை நம்மை அடைத்து வைத்தவன் காப்பாற்றியிருக்கிறான், அவனுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும் போல! முத்திரை வைத்த நகல் இந்த உறைக்குள் இருக்கிறது. இதை ஏற்றுக்கொள்வார்களாம், தூதரகத்துக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டேன். நீ மூட்டை கட்ட வேண்டியதில்லை.

ஏழாம் பக்கத்தை மட்டும் நான் உனக்கு அனுப்பவில்லை, அது உனக்குத் தேவையில்லை. 1950 பிப்ரவரி, அனுமதியில்லாமல் பதினான்கு கிலோமீட்டர் வெளியே போன குற்றத்துக்கு ஐந்து நாள் சிறை. காரணம் என்று ஒரு கட்டம், அதில் கமாண்டன்ட் எழுதியிருக்கிறான், கைக்குழந்தையை ஒளிந்து திரியும் பாதிரியிடம் ஞானஸ்நானத்துக்குத் தூக்கிச் சென்றான் என்று. அந்தக் குழந்தை நான்தான். பிப்ரவரிப் பனிப்புயலில் பதினான்கு கிலோமீட்டர், ஆட்டுத்தோல் கோட்டுக்குள் என்னைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறார். ஒரு நாளும் சொன்னதில்லை. நான் போய் உக்ரைன் என்று எழுதிக்கொண்டு வந்து காட்டிய அன்றுகூடச் சொல்லவில்லை. படம் நல்லா விழுந்திருக்குடா. அந்தக் கிடங்கு அலுவலகத்தில் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன், அங்கிருந்த அம்மாள் தண்ணீர் கொடுத்தாள்.

இதே காகிதத்தில் நீங்களும் அம்மாவும் வந்துவிடலாம் என்பாய். அம்மாவுக்கு ஆசையிருந்தால் வரட்டும் என்றேன், நீங்க இல்லாம நான் எங்க போக என்கிறாள். நான் வரமாட்டேன். பிள்ளைகளை மேற்கே அனுப்பிவிட்டு யாருமில்லாமல் கிடக்கும் வீடுகள் நம் தெருவில் மட்டும் பதினொன்று, பசுவுக்குப் புல் போட ஆள் வேண்டும், அவர் குழியில் நான் கிளறிய மண் இன்னும் அமரவில்லை, அதைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டும். உன்மேல் கோபம் போகவில்லை, போகும். குழியைத் திறக்கச் சொன்னது நீ, மண்வெட்டி எடுத்தது நான், யார் யாரைக் குற்றம் சொல்வது.

நகலை மடிக்காமல் அட்டைக்குள் வைத்துக் கொண்டுபோ, செப்டம்பர் வரை காத்திராதே. மாரெக்குக்கு அந்த ஜெபம் முழுக்கத் தெரியுமென்றால் ஒரு தாளில் எழுதி அனுப்பச் சொல், நான்காம் வரிக்குப் பிறகு எனக்கு வேண்டும். கர்த்தர் உன்னையும் பேரனையும் காக்கட்டும், நீ நினைத்தது நடக்கட்டும். இன்னும் ஒன்று, மறந்துவிடாதே. நான் போகும்போது நீ வந்து சேர முடிந்தால் ஜெபமாலையை மட்டும் கையில் சுற்று, காகிதம் எதுவும் வைக்காதே. வாசலில் கேட்டால் பெலிக்ஸ் மகன் என்று வாயால் சொல்லிக்கொள்கிறேன். நம்பாவிட்டால், என் அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்கட்டும்.

உன் அப்பா,
விட்டோல்ட்