வில்மாவின் கையுறையில் இருந்த சாவி

ஊரிலிருந்து,
பிப்ரவரி 11, 2018

ஹன்னெலே அக்கா,

வில்மாவை நீ இழுத்து வந்து அவள் அம்மாவின் படுக்கைக்குப் பக்கத்தில் மறுபடியும் கட்டிப்போட்டுவிட்டாய். அதை என்னைக் கேட்காமல் செய்தாய்.

காலையில் அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு, நம் கதைக்கு யாராவது ஏதாவது எழுதியிருக்கிறார்களா பார்க்கலாம் என்று, ரசிகர்கள் கதை எழுதும் அந்தத் தளத்தைத் திறந்தேன். புது அத்தியாயம் ஒன்று ஏறியிருக்கிறது. கீழே இத்தனை பேரின் பாராட்டு. எழுதியவளின் தங்கைக்கு மட்டும் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

டி.வி.யில் 'ஆலைத் தெரு' தொடரை இரண்டாவது சீசனோடு நிறுத்தியபோது வில்மாவை ரயிலில் ஏற்றிவிட்டு அப்படியே கைகழுவிவிட்டார்கள். "பாவம்டி, நடுவழில நிக்கிறா, நாம கூட்டிட்டுப் போவோம்" என்று சொன்னவள் நீ. ஒரு அத்தியாயம் உனக்கு, அடுத்தது எனக்கு. மற்றவள் படித்துச் சரி சொல்லாமல் எதுவும் தளத்தில் ஏறக்கூடாது. அந்த விதியையும் நீதான் போட்டாய்.

என் அத்தியாயத்தில் அவளைத் தூர்க்குத் துறைமுகம் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தேன். கப்பல் சமையலறையில் வேலை. வெங்காய நெடி, காலில் வலி, ஆனால் தனக்கென்று ஒரு கட்டில், உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள ஒரு கதவு. அந்தக் கதவை எழுதும்போது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? உன் அத்தியாயத்தில் அவள் கையில் பூங்கொத்தோடு வீட்டுக்கு வருகிறாள். மண்டியிடுகிறாள். அம்மா வலது கையால் அவள் தலையைத் தடவிக்கொடுக்கிறாள். அடுப்பில் சால்மன் மீன் சூப் கொதிக்கிறது.

எந்த வலது கை, அக்கா? வில்மாவின் அம்மாவுக்குப் பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது. முதல் சீசனே அதில்தான் தொடங்குகிறது.

நம் அம்மாவுக்கும் வலது பக்கம்தான். ஒருவேளை மறந்திருப்பாய்.

வாசகர்கள் எழுதியிருப்பதைப் படித்தாயா? 'கரியநரி' என்று ஒரு ஆள்: "அப்பாடா, பொண்ணுக்கு இப்பவாவது புத்தி வந்துச்சே!" இன்னொருத்தி: "அழுதுட்டேன். என்ன இருந்தாலும் பெத்தவ இல்லையா." இவர்களில் ஒருவராவது ஒரு பெரிய உடம்பைப் புரட்டிப் போட்டு விரிப்பு மாற்றியிருப்பார்களா?

அந்த அத்தியாயத்தை எடுத்துவிடு.

அம்மா சாப்பிடுகிறாள். லிஃப்ட் மறுபடியும் ஓடவில்லை, அதனால் வெளியே கூட்டிப்போக முடியவில்லை.

கிர்சி


ஹெல்சிங்கி,
பிப்ரவரி 14, 2018

என் செல்லக் கிர்சிக்கு,

உலகத்துக்கெல்லாம் காதலர் தினம், நமக்கு இன்று நண்பர்கள் தினம். கடைகளெல்லாம் ரோஸ் நிற அட்டைகள். எனக்கு உன்னிடமிருந்து வந்தது அந்தக் கடிதம்! பரவாயில்லை, கோபத்தில்கூட நீ நன்றாகத்தான் எழுதுகிறாய்.

கேட்காமல் போட்டது தப்பு. ஒரே மூச்சில் எழுதி முடித்தேன், கை தானாக அழுத்திவிட்டது. வலது கையை இடது கையாக மாற்றிவிட்டேன். ஆனால் அத்தியாயத்தை எடுக்கச் சொல்லாதே.

நாம் இருவரும் சேர்ந்து பார்த்த அந்தக் கடைசிக் காட்சியை நினைத்துப் பார். ரயிலில் வில்மா கையுறையைக் கழற்றுகிறாள். உள்ளே வீட்டுச் சாவி. திரும்பி வரமாட்டேன் என்று முடிவெடுத்தவள் சாவியைக் கதவிலிருக்கும் தபால் துளையில் போட்டுவிட்டுத்தான் கிளம்புவாள். இவள் போடவில்லை. உள்ளங்கைச் சூட்டில் வைத்துக்கொண்டு போகிறாள். தொடரை எழுதியவர்கள் சும்மாவா அதைக் காட்டினார்கள்? அவள் எந்த ஊரில் இருந்தாலும் நிம்மதியாகத் தூங்கமாட்டாள், கிர்சி. விட்டுவிட்டு வந்தவளின் மனசு எனக்குத் தெரியும். உன் வில்மா எப்போதும் பல்லைக் கடித்துக்கொண்டே இருக்கிறாள். அவளுக்கு இருப்பது கோபமில்லை, குற்ற உணர்ச்சி.

அம்மாவுக்குக் கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன், உனக்கு ஏலக்காய் ரொட்டி. ஈஸ்டருக்கு வரப் பார்க்கிறேன். கையில் ஒரு பெரிய மொழிபெயர்ப்பு இருக்கிறது, அது முடிந்தால்.

அம்மாவின் கன்னத்தில் என் முத்தம்.

உன் அக்கா,
ஹன்னெலே


ஊரிலிருந்து,
பிப்ரவரி 20, 2018

அக்கா,

காலுறை வந்தது. அம்மாவின் கால் வீங்கியிருப்பதால் ஏறவில்லை. நான் போட்டுக்கொண்டேன். ரொட்டி நன்றாக இருந்தது.

சாவிக்கு வருகிறேன். நீ அழகாகச் சொல்கிறாய், ஆனால் தப்பாகச் சொல்கிறாய். அவள் அதை வேண்டுமென்று எடுத்துப்போகவில்லை. நானும் குப்பை கொட்டப் போகும்போது கையுறைக்குள்தான் சாவியைச் செருகிக்கொள்கிறேன். அம்மாவை விட்டுவிட்டு ஓடிப்போய் ஓடிவர வேண்டும், பையைத் துழாவ நேரம் இருக்காது. அத்தனை வருடம் அப்படி ஓடியவளின் கை, ஓடிப்போகிற அன்றும் அப்படியே செருகிக்கொண்டது. ரயிலில் பார்த்தபோது அவளுக்கே திக்கென்றது. நடிகை முகத்தைக் கவனித்தாயா? பாசத்தில் அப்படி முகம் வெளிறாது.

இன்னொன்று. "விட்டுவிட்டு வந்தவளின் மனசு எனக்குத் தெரியும்" என்கிறாய். வில்மா நீ என்று எப்போது முடிவு செய்தாய்? பள்ளி முடிந்ததும் பெட்டியோடு கிளம்பியவள் நீ. அப்போது அம்மா இரண்டு கையாலும் உனக்கு டாட்டா காட்டினாள். வில்மா அப்படிப் போகவில்லை. அவள் துடைத்து, தூக்கி, ஊட்டி, ஆலை மூடி ஊரே காலியான பிறகும் இருந்துவிட்டுப் போனவள். வில்மா நான், அக்கா. இவ்வளவு நாள் உனக்கு அது தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன் அத்தியாயத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டாள். "இவ எதுக்கு திரும்பி வந்தா?" என்றாள்.

"மன்னிப்பு கேக்க வந்திருக்காம்மா."

"நல்லாருக்கு. காபி குடிச்சிட்டு உக்காந்து அழுவா. அப்புறம் அவளை நான் தேத்தணும். எனக்கு மூத்திரம் வந்தா யாரைக் கூப்பிடறது? கதை எழுதினவளையா?"

சிரிப்பை அடக்க முடியவில்லை. அம்மாவும் சிரித்தாள்.

இப்போது நிஜமான செய்தி. நான் தூர்க்குவுக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன். கதைக்காக விசாரிக்கப் போய், அப்படியே பெயரையும் கொடுத்துவிட்டேன். கப்பல் சமையலறை. வாப்பு, அந்த மே தினக் கொண்டாட்டம், முடிந்த மறுநாள், மே இரண்டாம் தேதி, வரச் சொல்லியிருக்கிறார்கள். கோடை முழுக்க வேலை.

பராமரிப்பு அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண் என்னை ஏறிட்டே பார்க்கவில்லை. "முதியோர் இல்லத்துல இடமில்லைங்க. அதான் வீட்ல மக இருக்கீங்களே" என்றாள். "எனக்கு ஒரு அக்காவும் இருக்கா" என்றேன். "அவங்க ஹெல்சிங்கில இல்ல இருக்காங்க" என்றாள். ஹெல்சிங்கியில் இருப்பது ஏதோ ஊனம் என்பது மாதிரி. மகன்கள் உள்ள வீட்டில் இப்படிக் கேட்பார்களா? பக்கத்து வீட்டில் மகன் இருக்கிறான், அந்த அம்மாவுக்கு உடனே இடம் கிடைத்தது. இந்த நாட்டில் எல்லோரும் சமம் என்று பள்ளியில் நம்மைப் பாட வைத்தார்களே, அந்தச் சமம் எங்கள் மாடிப்படி ஏறி வரவில்லை. லிஃப்ட் ஓடாததால் இருக்கலாம்.

நீ செய்கிற மொழிபெயர்ப்புக்கு ஒரு மேசையும் ஒரு கணினியும் போதும். இரண்டும் இங்கே உண்டு. இந்தக் கோடைக்கு நீ வா. காலையில் ஆள் வந்து குளிப்பாட்டிவிடுவார்கள். மிச்சத்தை நான் காட்டித்தருகிறேன்.

கிர்சி


ஹெல்சிங்கி,
மார்ச் 9, 2018

அன்புக் கிர்சிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். வேலை, வேலை. இங்கே பனி உருகி ஊரே சேறாகக் கிடக்கிறது.

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். எங்கேயோ யாரோ கற்பனை செய்த ஒரு பெண்ணுக்காக நாம் இருவரும் இப்படிச் சண்டை போட வேண்டுமா? யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். கதையிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டேன். நேற்று தளம் இரண்டு முறை கேட்டது, உறுதியா என்று. உறுதி என்று அழுத்திவிட்டேன். இனிமேல் வில்மா முழுக்க உன்னுடையவள். நான் எழுதியதை நீ வைத்துக்கொள், தூக்கிப்போடு, உன் இஷ்டம். உனக்காக விட்டுக்கொடுக்கிறேன் என்று நினைத்தபோது மனசு லேசாகிவிட்டது.

கப்பல் வேலை பற்றி: சந்தோஷம்தான். ஆனால் அவசரப்படாதே. நீ இல்லாமல் அம்மா சமாளிப்பாளா? உன் கை மாதிரி யாருக்கும் வராது, அது உனக்கே தெரியும். நாம் நிதானமாகப் பேசுவோம்.

ஈஸ்டருக்கு முடியாது போலிருக்கிறது. வருத்தமாக இருக்கிறது.

என்றும் உன்,
ஹன்னெலே


ஊரிலிருந்து,
மார்ச் 12, 2018

அக்கா,

நீ என்ன செய்திருக்கிறாய் என்று உனக்குப் புரிந்ததா, புரிந்தே செய்தாயா?

ஒரு அத்தியாயத்தைப் போட்டவர் மட்டும்தான் அதை அழிக்க முடியும். போட்டவர் பெயரை எடுத்துவிட்டால் அது யாருடையதும் இல்லை, யாராலும் தொட முடியாது, தளம் இருக்கும்வரை இருக்கும். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததே நீ. புதிதாகச் சேர்ந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து, "பாத்து அழுத்துடி, திரும்ப வராது" என்றாய்.

இப்போது என் கதையின் நடுவில் பூங்கொத்தும் சூப்பும் அழியாமல் நிற்கின்றன. திட்ட ஆள் இல்லை. கேட்க ஆள் இல்லை. பெயரை எடுத்துக்கொண்டு போய்விட்டாய், வேலையை என் தலையில் விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். இதற்கு விட்டுக்கொடுப்பது என்று பெயர் வைக்கிறாய்.

என் கை மாதிரி யாருக்கும் வராதாம். எனக்கும் வரவில்லை, அக்கா. யாரும் வராததால் கற்றுக்கொண்டேன். முதல் மாதம் அம்மாவைக் கீழே போட்டுவிட்டேன். நீயும் இரண்டு முறை போடுவாய், பிறகு வந்துவிடும்.

மே முதல் தேதிக்குள் வருவாயா, மாட்டாயா? அதை மட்டும் எழுது.

கிர்சி


ஊரிலிருந்து,
ஏப்ரல் 22, 2018

அக்கா,

பதில் இல்லை. தொலைபேசியை எடுப்பதில்லை. ஆனால் தளத்தில் வேறொரு தொடருக்கு, வேறொரு பெயரில், புதுக்கதை தொடங்கியிருக்கிறாய். உன் வாக்கியம் எனக்குத் தெரியாதா? அதிலும் ஒரு மகள் வீட்டுக்குத் திரும்புகிறாள்.

நானும் எழுதினேன். உன் அத்தியாயத்தை அழிக்க முடியாதென்பதால் அதிலிருந்தே தொடர்ந்தேன். வில்மா மண்டியிட்ட இடத்திலிருந்து எழுகிறாள். முழங்கால் வலிக்கிறது. சூப் பாத்திரத்தைக் கழுவுகிறாள், அம்மாவின் விரிப்பை மாற்றுகிறாள், பூவைத் தண்ணீரில் வைக்கிறாள். பிறகு அவளுக்கு ஒரு அக்காவைக் கொடுத்தேன். சாவியை அந்த அக்காவின் உள்ளங்கையில் வைத்து மூடிவிட்டு வில்மா கப்பலுக்குத் திரும்பிப் போகிறாள்.

வாசகர்கள் கொதித்துப்போயிருக்கிறார்கள். "இந்த அக்கா எங்கேர்ந்து குதிச்சா? தொடர்ல அப்படி ஒருத்தியே இல்லையே!" என்று கரியநரி கேட்கிறார். நானும் அதைத்தான் கேட்கிறேன் என்று பதில் போட்டேன். அவருக்குப் புரியவில்லை.

தூர்க்குவுக்கு வருகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அம்மாவிடம் சொன்னேன்.

"பெரியவ வராளா?"

"தெரியலம்மா. இன்னும் சொல்லல."

"வந்தா பூ கீ வாங்கிட்டு வரவேணாம்னு சொல்லு. ராத்திரிக்குக் கட்டுற டயபர், பெரிய சைஸ், அது இங்க சரியா கிடைக்க மாட்டேங்குது." பிறகு என் பக்கம் திரும்பாமலே, "நீ கெளம்புடி. அவ வரலேன்னு நீ உக்காந்துடாத" என்றாள். அப்புறம் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அது போகச் சொன்ன அழுகையா, போகாதே என்ற அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. உன்னைப்போல் எனக்கு அழுகைகளைப் படிக்கத் தெரியாது.

மருந்து எப்போது எது என்று எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கிறேன். புரட்டும்போது தோளைப் பிடிக்காதே, இடுப்பைப் பிடி. லிஃப்ட் ஓடுகிறது. சாவியைக் கீழ்வீட்டுக் காரினாவிடம் கொடுத்துவிட்டுப் போவேன்.

எந்த நாள் வந்து வாங்கிக்கொள்வாய்? அந்தத் தேதியை மட்டும் எழுது, அக்கா.

கிர்சி