அவசரம் இல்லாத நாலு புத்தகங்கள்

சித்தூர்
14-10-1974

அன்பு மகள் சௌந்தரிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நாங்கள் இருவரும் சுகம். உன் நைனாவின் முழங்கால் மட்டும் சுகமில்லை, அதுவும் ஆலயத்தில் முழந்தாளிடும்போதுதான் வலிக்கிறது, காபி கிளப்புக்கு நடக்கும்போது வலிப்பதில்லை. நீயும் மாப்பிள்ளையும் பேத்தி ரூபிக்கண்ணும் அந்த ரூர்கேலா இரும்பாலைப் புகையில் இருமல் சளி இல்லாமல் இருக்க தினமும் ஜெபிக்கிறோம். உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. மூன்று வாரமாகியும் புத்தகங்கள் வரவில்லையே, ரூபி தினமும் தபால்காரரை வழிமறித்துக் கேட்கிறாள் என்று எழுதியிருந்தாய். அதற்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்தேன். முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படு, பாதியில் வேண்டாம்.

ஆகஸ்டில் நீ எழுதினாயே, "இங்கே தமிழ்ப் பள்ளிக்கூடம் இல்லை, நீ எனக்கு வீட்டிலேயே சொல்லித் தந்த மாதிரி நானும் ரூபிக்குச் சொல்லித் தரப்போகிறேன், அந்த நாலு புத்தகத்தையும் அனுப்பு" என்று, அதை நான் தெருவில் படித்துக் காட்டாத ஆள் இல்லை. உபதேசியார் வேலையில் உன் நைனாவை ராமகுப்பம், சந்திரகிரி, நாராயணவனம் என்று வருஷத்துக்கு ஓர் ஊராக மாற்றினார்கள், நடுவருஷத்தில் எந்தப் பள்ளியிலும் உன்னைச் சேர்க்க மாட்டேன் என்றார்கள், சேர்ப்பேன் என்ற இடத்தில் எல்லாம் தெலுங்கு. எட்டாவது படித்த நான் டீச்சரானது அந்தக் கூத்தில்தான். எங்கள் அம்மாவின் பெரிய எழுத்துப் பாட்டுப்புத்தகத்தில் உனக்கு எழுத்து வந்தது, அதனால் நீ 'அ'னாவைக்கூட ராகம் போட்டுத்தான் சொல்வாய். மிஷன் பண்ணையில் கொடுத்த கோழி வளர்ப்புப் புத்தகத்தில் கணக்கு வந்தது, இருபத்தொரு நாளில் குஞ்சு பொரியும் என்பதை வைத்தே பெருக்கல், வகுத்தல் எல்லாம் முடித்தோம். கடல் தாண்டிப் போன விதவையின் கதைப்புத்தகத்தில் கடைசிப் பக்கங்களைக் கறையான் தின்றுவிட்டது. முடிவை நான்தான் சொல்லுவேன், நீ அழுத நாளில் அவள் பிழைத்துக்கொள்வாள், நீ பிடிவாதம் பிடித்த நாளில் கப்பலோடு முழுகிவிடுவாள். நாலாவது, மருத்துவச்சிகளுக்கான புத்தகம். உடம்பைப் பற்றித் தெரிந்துகொள்ளட்டும் என்று தந்தேன், நீ தெரிந்துகொள்ள வேண்டாத பக்கங்களை ஊக்கு குத்தி மூடியிருந்தேன். எட்டு வயதில் நீ ஊக்கைக் கழற்றிவிட்டு நேரே உன் நைனாவிடம் போய்ச் சந்தேகம் கேட்டாய். அவர் அன்றைக்குச் சாப்பிடவேயில்லை.

இந்த நாலையும் பழைய சேலையில் சுற்றிக் கட்டிப் பெட்டியில் வைத்திருந்தேன். அப்போதுதான் நீ போன் இருக்கிற ரங்கையாவின் மரக்கடைக்கு டிரங்கால் போட்டாய். அவர் பாவம், வேகுவேகென்று வந்து வாசலில் நின்றபடியே, "மீ அம்மாயிகி பொஸ்தகாலு அவசரம் லேதண்டம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். நீ அவரிடம் தமிழில் அவசரமில்லை என்றாய், அதாவது மெதுவாக வந்தால் போதும். அவர் தம் தெலுங்கில் வைத்துச் சொன்னார், அவசரம் லேது என்றால் அங்கே வேண்டவே வேண்டாம் என்று அர்த்தம். முப்பது வருஷம் இந்த இரண்டு பாஷையிலும் காய்கறி வாங்கியவள் நான், எனக்கு அது தோன்ற வேண்டாமா? தோன்றவில்லை. என் புத்தகம் வேண்டாமென்றால் என் பாடமும் வேண்டாம், நானும் வேண்டாம் என்றுதான் தோன்றியது. அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். புகை என்று உன் நைனாவிடம் சொன்னேன், அன்றைக்கு அடுப்பே பற்றவைக்கவில்லை.

போன வியாழக்கிழமை ஆலயத்து அறுப்பின் பண்டிகை ஏலத்துக்குக் காணிக்கைப் பொருள் சேர்க்க நம் சபை ஞானமணி வந்தாள். அவள் வழக்கமாக என்னிடம் வாங்கிப்போவது ஒரு பூசணிக்காய். நான் வீம்புக்கு அந்த மூட்டையைத் தூக்கிக் கொடுத்தேன். மறுநாள் உன் கடிதம். படித்ததும் செருப்புகூடப் போடாமல் ஞானமணி வீட்டுக்கு ஓடினேன். அவள், "காணிக்கையா குட்த்தத எப்டிக்கா திருப்பி எடுக்கறது? ஏலத்துல கேட்டு எடுத்துக்கோ" என்றாள். உன் நைனாவிடம் சொல்ல வெட்கம். கடிதத்தை அரிசிப் பானையில் ஒளித்துவைத்தேன்.

நேற்று ஆராதனை முடிந்து ஏலம். முன்னால் வாழைமரமும் கரும்புக்கட்டும் நிறுத்தியிருந்ததால் பெண்கள் பக்கத்திலிருந்து ஆண்கள் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. ஏலம் விட்ட சுந்தர்ராஜ் மூட்டையைத் தூக்கிக் காட்டினார், நான் கை தூக்கினேன். ஆண்கள் பக்கமும் ஒரு கை தூக்கியிருக்கிறது என்று சுந்தர்ராஜ் விலையைக் கூட்டினார். நான் இன்னும் கூட்டினேன். அந்தப் பக்கத்து ஆளும் விடவில்லை. கோழிப் புத்தகத்துக்காக இப்படி அடித்துக்கொள்கிற பாவி யார் என்று மனதுக்குள் அவரைத் திட்டாத திட்டில்லை, ஆலயம் என்பதுகூட மறந்துவிட்டது. என்னைச் சுற்றிப் பெண்களெல்லாம் முந்தானையை வாயில் வைத்துச் சிரிக்கிறார்கள். கடைசியில் சுந்தர்ராஜ்தான் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, "உபதேசியாரும் அம்மாவும் வூட்டுக்குப் போயி ஏலம் எட்த்துக்குங்க, இங்க பூசணிக்கா காத்துக்கினு கீது" என்றார். எட்டிப் பார்த்தால் கரும்புக்கு அந்தப் பக்கம் தூக்கிய கையோடு உன் நைனா. பெட்டி காலியாக இருந்ததைப் பார்த்து, ஞானமணியிடம் விசாரித்து, நான் வெட்கப்படக் கூடாதென்று எனக்குத் தெரியாமல் மீட்டுவைக்கப் பார்த்திருக்கிறார். அரிசிப் பானைக் கடிதத்தையும் நான் ஒளித்த அன்றைக்கே படித்துவிட்டாராம். என்ன விலைக்கு எடுத்தோம் என்பதைக் கேட்காதே, குருவானவருக்கு மட்டும் பரம சந்தோஷம்.

இனி இவற்றைப் பார்சலில் போட எனக்கு மனம் வரவில்லை. ஒரு தடவை கைவிட்டது போதும். மெட்ராஸுக்கு அப்பால் ரயிலில் போகாத நான், நவம்பர் முதல் வாரம் உன் நைனாவோடு கிளம்பி, மடியில் வைத்தே கொண்டுவருகிறேன். ரூபிக்குப் பாடம் தொடங்கும்போது நானும் பக்கத்தில் இருந்தால் உனக்குத் தொந்தரவா? இருந்தாலும் வருவேன். உன்மேல் சந்தேகப்பட்டது என் தப்பு, அம்மாவை மன்னித்துவிடு. ஆண்டவர் உங்கள் மூவரையும் கண்ணின் மணிபோல் காக்கட்டும். ஸ்டேஷனுக்கு மறக்காமல் வந்துவிடு, எனக்கு இந்தியில் தண்ணீர் கேட்கக்கூடத் தெரியாது.

இப்படிக்கு
உன் அம்மா
கிருபாபாய்

நைனா எழுதுவது: தபாலில் சேர்க்கச் சொல்லிக் கொடுத்தாள், ஓரத்தில் இடம் இருந்தது. அந்த மூன்று வாரமும் உன் அம்மா வீட்டில் ஒரு பாட்டும் பாடவில்லை. ரூபிக்கு அதற்குள் எழுத்தெல்லாம் தெரிந்திருந்தாலும், புத்தக மூட்டையோடு அவள் ஆயா வந்து கேட்கும்போது ஒன்றும் தெரியாது என்று சொல்லச் சொல்.